கேட்டால் என்ன? – வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற இதழில், 2014 செப்டம்பர் 18 அன்று ஸ்காட்லாந்தின் டன்டீ நகரில் நான் வாக்களித்த கதையை எழுதியிருந்தேன். "ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா?" என்று ஒரே கேள்வி. 36 லட்சம் பேர் பதில் சொன்னோம். வேண்டாம் என்றவர்கள் 55.3 சதவீதம், வேண்டும் என்றவர்கள் 44.7. விஷயம் அதோடு முடியவில்லை. இன்னொரு முறை கேட்கலாமா, இனிமேல் கேட்கவே கூடாதா என்ற வாதம் இன்றைக்கும் இங்கே நடந்துகொண்டுதான் இருக்கிறது. நான் 2002-இல் இங்கே செவிலியராக வந்தவள், அரசியல் படித்தவள் இல்லை. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தனிநாட்டை விட்டுவிட்டு வாக்கெடுப்பைப் பற்றியே கேட்டிருந்தன. இத்தனை வருடமாக என் மனத்திலும் அதுவே ஓடிக்கொண்டிருப்பதால், முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

தனிநாடு வேண்டுமா என்று மக்களைக் கேட்பதில் என்ன தவறு? கேட்கவே மறுக்கும் அரசு, பதிலைக் கண்டு பயப்படுகிறது என்றுதானே பொருள்?
– கல்லூரி மாணவர் ஒருவர்

தம்பி, நீங்கள் சொல்வது பாதி சரி. 2014 கோடை முழுக்க எங்கள் வார்டின் தேநீர் அறையில் இரண்டு சண்டைகள் ஒன்றாகக் கலந்து நடந்தன. பிரிய வேண்டுமா என்பது ஒன்று. இப்படியெல்லாம் கேட்டு ஊரை இரண்டாக்க வேண்டுமா என்பது இன்னொன்று. எனக்கு முதலில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. பிரிவினை வேண்டாம் என்று நினைத்தேன், அதனால் வாக்கெடுப்பும் வேண்டாம் என்று நினைத்தேன். பவுண்டு என்னவாகும், என் ஓய்வூதியம் என்னவாகும் என்ற கவலை எனக்கு. பிரிந்துபோனால் பவுண்டைப் பகிர்ந்துகொள்ள மாட்டோம் என்று லண்டனின் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அந்த பிப்ரவரியில்தான் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தோடுதான் 'வேண்டாம்' என்று வாக்களித்தேன்.

என் மனம் மாறியது மறுநாள் காலையில். டன்டீ மறுபக்கம் நின்றது. இங்கே 57 சதவீதத்துக்கும் மேல் 'வேண்டும்', நாட்டிலேயே மிக அதிகம். வாக்கு எண்ணும் இடத்தில் இரவு தீ எச்சரிக்கை மணி அடித்து எல்லோரையும் வெளியே அனுப்பியதாக வானொலியில் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன். காலை ஷிஃப்டுக்குப் போனால், கூட வேலை செய்பவள் ஒருத்தி அழுது வீங்கிய கண்களோடு நின்றாள். மருந்து வண்டியைத் தள்ளியபடியே, "கேட்டார்கள், சொன்னோம், அவ்வளவுதான்" என்றாள். ஏமாற்றிவிட்டார்கள் என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. அன்று முழுக்க நான் அதற்காகவே காத்திருந்தேன், யாரிடமிருந்தும் வரவில்லை.

தோற்றவளை அப்படிச் சொல்லவைத்தது, 2012 அக்டோபர் 15 அன்று எடின்பரோவில் போட்ட ஒரு கையெழுத்து. பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரனும் ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்டும், வாக்கெடுப்பைச் சட்டப்படி நடத்துவோம், முடிவு எதுவானாலும் இரு அரசுகளும் மதிப்போம் என்று உடன்பாடு செய்துகொண்டார்கள். கேமரன் பிரிவினைக்கு முழு எதிரி. ஆனாலும் கேட்பதற்கு ஒப்புக்கொண்டார். தனிநாடு கூடாது, ஆனால் மக்களைக் கேட்கலாம் என்று ஒருவர் ஒரே நேரத்தில் நினைக்க முடியும் என்பதை நான் அதிலிருந்துதான் கற்றுக்கொண்டேன்.

மறுப்பவர்கள் எல்லோரும் பயந்தவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் ஒரு நாடு வேறெதையும் பேசாது. என் பக்கத்து வீட்டில் அண்ணனும் தம்பியும் ஐந்து மாதம் பேசிக்கொள்ளவில்லை. அதை மனத்தில் வைத்து வேண்டாம் என்பவரை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

உங்களுக்கு இந்தியக் குடியுரிமைதானே? எப்படி வாக்களித்தீர்கள்? ஒரு நாட்டின் தலைவிதியை வெளியிலிருந்து வந்தவர் தீர்மானிப்பது நியாயமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

ஐயா, கோபத்தோடு கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

ஆம், அன்று என் கையில் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட். வாக்கெடுப்புக்கான விதி, ஸ்காட்லாந்தில் குடியிருப்பவர் யார் என்று மட்டுமே பார்த்தது. முறையாகக் குடியிருக்கும் பிரிட்டிஷ் குடிமக்கள், இந்தியா போன்ற காமன்வெல்த் நாட்டவர், ஐரோப்பிய ஒன்றியத்தவர் எல்லோருக்கும் வாக்கு உண்டு. 16 வயது நிறைந்தாலே போதும். ஆகவே எனக்கும் வாக்கு இருந்தது, அப்போது 16 வயதான என் மகளுக்கும் இருந்தது. அதே நேரத்தில் கிளாஸ்கோவில் பிறந்து வளர்ந்து லண்டனில் வேலை பார்ப்பவருக்கு வாக்கு இல்லை. என் தோழியின் கணவர் அப்படிப்பட்டவர். அவர் என்னிடம், "என் பாட்டன் புதைந்த மண், எனக்கு வாக்கில்லை, உனக்கு இருக்கிறது" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் அவருக்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. நாளைக்கு முடிவோடு வாழப்போகிறவர் யாரோ அவரைக் கேட்க வேண்டும் என்ற தத்துவம் அது. இரத்தத்தைக் கேட்கவில்லை, முகவரியைக் கேட்டார்கள். நான் அதன் பக்கம்தான்.

இன்னொருத்தியின் கதையையும் சொல்ல வேண்டும். என்னோடு இரவுப் பணி செய்த போலந்துக்காரச் செவிலி. 2014-இல் அவளுக்கும் வாக்கு இருந்தது. 'வேண்டாம்' என்று போட்டாள். பிரிட்டனோடு சேர்ந்திருந்தால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் இடம் உறுதி என்று அப்போது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. இரண்டே வருடத்தில், 2016 ஜூனில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்று பிரிட்டன் முழுவதும் வாக்கெடுப்பு வந்தது. அதற்கு விதி வேறு. காமன்வெல்த் குடிமகள் என்பதால் எனக்கு வாக்கு இருந்தது. போலந்துக் குடிமகளான அவளுக்கு இல்லை. அவளுடைய வேலை, வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் பற்றிய கேள்வி. அதற்கு அவளைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டார்கள். ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் ஒன்றியத்தில் இருப்போம் என்றோம். மொத்த பிரிட்டன் விலகுவோம் என்றது. அன்று இரவுப் பணியில் அவள் என்னோடு பேசவே இல்லை, நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. யாருக்கு வாக்கு என்று எழுதும் அந்த ஒரு பத்தியில்தான் ஒரு வாக்கெடுப்பின் நேர்மை இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

இதிலேயே நின்றுபோன வாக்கெடுப்பும் உண்டு. மேற்கு சஹாராவில் வாக்கெடுப்பு நடத்துவதற்கென்றே 1991-இல் ஐ.நா. ஒரு குழுவை அனுப்பியது. ஸ்பெயின் ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1974-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் இருந்தவர்கள் மட்டும்தானா, பிறகு வந்தவர்களும் சேர்த்தியா என்று, அந்த நிலம் தனது என்னும் மொராக்கோவும் தனிநாடு கேட்கும் பொலிசாரியோ இயக்கமும் வாதாடின. அந்தப் பட்டியலிலேயே எல்லாம் முட்டி நின்றது. முப்பது வருடத்துக்கு மேலாகியும் வாக்கெடுப்பு நடக்கவில்லை. பாலைவன முகாம்களில் காத்திருந்தவர்களின் பேரக்குழந்தைகள் இப்போது காத்திருக்கிறார்கள்.

பிரான்சின் ஆட்சியில் இருக்கும் நியூ கலிடோனியாவில் இதற்கு நேர்மாறான வழியை எடுத்தார்கள். பூர்வகுடிகளான கனாக் மக்கள், பின்னால் குடியேறியவர்களால் மூழ்கடிக்கப்படக் கூடாது என்பதற்காக, நீண்டகாலம் அங்கே வாழ்ந்தவர்களுக்கு மட்டுமே வாக்கு என்று 1998 நூமெயா உடன்பாட்டில் ஒப்புக்கொண்டார்கள். அங்கே காலனி வரலாறு இருப்பதால் அதுவும் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஸ்காட்லாந்தின் விதியை அங்கே கொண்டுபோய் வைத்தால் அநியாயமாகிவிடும். ஆகவே, ஐயா, எல்லா இடத்துக்கும் ஒரே அளவுகோல் என்னிடம் இல்லை. பட்டியல் முடிவாகும்போது, அதனால் இழப்பவர்களும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

நூற்றுக்கு 51 பேர் சொன்னால் ஒரு நாட்டை உடைத்துவிடலாமா? மூன்றில் இரண்டு பங்காவது வேண்டாமா?

வேண்டும் என்று சொல்வதற்கு முன் 1979-ஐப் பாருங்கள். என் வார்டில் கிடந்த ஒரு முதியவர், சணல் ஆலையில் வேலை பார்த்தவர், இதை எனக்குப் பத்துமுறையாவது சொல்லியிருப்பார். அது தனிநாட்டுக்கான வாக்குகூட இல்லை. ஸ்காட்லாந்துக்கென்று ஒரு சட்டமன்றம் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்கள். 51.6 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர் பட்டியலில் 40 சதவீதமாவது ஆதரிக்க வேண்டும் என்று, லண்டன் தொகுதி ஒன்றின் தொழிற்கட்சி உறுப்பினர் ஜார்ஜ் கன்னிங்காம் ஒரு நிபந்தனையைச் சட்டத்தில் நுழைத்திருந்தார். பட்டியலில் பார்த்தால் ஆதரவு 32.9 சதவீதம். சட்டமன்றம் கிடைக்கவில்லை. வீட்டில் இருந்துவிட்டவர், ஊரில் இல்லாதவர் எல்லோரும் 'வேண்டாம்' கணக்கில் போனார்கள். இறந்தவர்களையும் அப்படியே எண்ணிவிட்டார்கள் என்று அந்த முதியவர் நம்பினார். "என் அம்மா அந்த ஜனவரியில் செத்துப்போனாள், அவளும் எங்களைத் தோற்கடித்தாள்" என்பார். 1997-இல் மறுபடி கேட்டபோது 74.3 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1999-இல் வந்தது. நடுவே இருபது வருடம் கசப்பில் போனது.

கனடாவின் கியூபெக்கில் 1995-இல் வேண்டாம் 50.58, வேண்டும் 49.42. வித்தியாசம் 54,288 வாக்குகள். 93 சதவீதத்துக்கு மேல் வாக்களித்திருந்தார்கள். அது அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கனடா நடுங்கிப்போனது. பிறகு 1998-இல் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன். கியூபெக் தன் இஷ்டத்துக்குப் பிரிந்துபோக முடியாது, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் மற்றவர்கள் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்றது. 2000-இல் அதற்கொரு சட்டமும் வந்தது. தெளிவான பெரும்பான்மை எத்தனை சதவீதம் என்று மட்டும் அதில் எழுதவில்லை.

மொண்டெனெக்ரோவில் எழுதினார்கள். 2006-இல் செர்பியாவை விட்டுப் பிரிய 55 சதவீதம் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. கிடைத்தது 55.5. செர்பியா ஏற்றுக்கொண்டது. கரீபியத் தீவான நெவிஸில் 1998-இல் 61.8 சதவீதம் பேர் பிரிவோம் என்றார்கள், மூன்றில் இரண்டு பங்கு தேவை என்பதால் இன்றும் செயின்ட் கிட்ஸோடுதான் இருக்கிறார்கள்.

என் கருத்து: பாதிக்குக் கொஞ்சம் மேலே ஒரு தடையை வைப்பதில் தவறில்லை, ஆனால் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு, பிரசாரம் தொடங்குவதற்கு முன்பே வைக்க வேண்டும். வாக்களிக்காதவரை எந்தப் பக்கத்திலும் சேர்க்கவே கூடாது.

கேள்வியை எப்படி எழுதினாலும் மக்களுக்குப் புரியாதா? அதற்கு ஏன் இவ்வளவு சண்டை?

ஸ்காட்லாந்து அரசு முதலில் எழுதியது: "ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?" தேர்தல் ஆணையம் அதை மக்களிடம் சோதித்துப் பார்த்து, 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்ற சொல் ஆமாம் பக்கம் தள்ளுகிறது என்றது. அதை எடுத்துவிட்டார்கள். அரசும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. 1995 கியூபெக் கேள்வியோ, கனடாவுக்குப் புதிய பொருளாதார அரசியல் கூட்டுறவு ஒன்றை முறைப்படி முன்வைத்த பிறகு, இன்ன மசோதாவுக்கும் இன்ன தேதியில் கையெழுத்தான உடன்பாட்டுக்கும் உட்பட்டு என்று நீண்டுகொண்டே போகும். பிரிகிறோமா, பாதி பிரிகிறோமா என்று புரியாமலே பலர் வாக்களித்திருப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வாக்குச்சீட்டு தென் சூடானுடையது, 2011 ஜனவரி. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய. ஆகவே பிரிவுக்கு ஒற்றைக் கை, சேர்ந்திருப்பதற்குப் பற்றிக்கொண்ட இரு கைகள் என்று படம் போட்டார்கள். பார்த்த மாத்திரத்தில் புரியும்.

நீதிமன்றமே கூடாது என்றபின் வாக்கெடுப்பு பற்றிப் பேசுவது வெட்டி வேலை இல்லையா?
– வழக்கறிஞர், வாசகி

சகோதரி, 2022 நவம்பர் 23 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான ஒன்றியம் பற்றிய விஷயம் லண்டன் நாடாளுமன்றத்துக்கு ஒதுக்கப்பட்டது, அதன் சம்மதம் இல்லாமல் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் வாக்கெடுப்பு நடத்த முடியாது என்று. வெறும் கருத்தறிய என்று சொன்னாலும் செல்லாது, அதற்கு அரசியல் விளைவு இருக்கும் என்றார்கள். 2023 அக்டோபர் 19 என்று முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் குறித்திருந்த தேதி அதோடு போனது. சட்டப்படி தீர்ப்பு சரி என்றே எனக்கும் தோன்றியது. 2014-இல்கூட லண்டன் அந்த அதிகாரத்தை ஓர் ஆணை மூலம் தற்காலிகமாகக் கொடுத்ததால்தான் நடந்தது.

ஆனால் அனுமதி கொடுப்பது யார் கையில் என்று மட்டும்தான் நீதிமன்றம் சொன்னது. கொடுக்கலாமா கூடாதா என்பது அரசியல். அங்கேதான் எனக்கு ஆதங்கம். எந்த நிலைமையில் கொடுப்போம் என்று லண்டன் எழுதிவைக்கவில்லை. பக்கத்திலேயே வட அயர்லாந்துக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். பிரிட்டனை விட்டு ஒன்றுபட்ட அயர்லாந்தில் சேர்வதைப் பெரும்பான்மையோர் ஆதரிக்கக்கூடும் என்று அமைச்சருக்குத் தோன்றினால் அவர் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஏழு வருட இடைவெளி வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அங்கே எழுத முடிந்ததை இங்கே ஏன் எழுதக் கூடாது? 'ஒரு தலைமுறைக்கு ஒரு முறை' என்று 2014-இல் சால்மண்டே சொன்னார் என்று எதிர்ப்பவர்கள் நினைவூட்டுகிறார்கள். சொன்னது உண்மை. ஆனால் தலைமுறை என்றால் எத்தனை வருடம்? ஐரோப்பாவை விட்டு வெளியேறியது போன்ற பெரிய மாற்றம் நடுவில் வந்தால்? வாய்வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரு தரப்பும் இழுத்துக்கொண்டிருப்பதற்குப் பதில் ஒரு விதியை எழுதிவிடலாம்.

அனுமதி கிடைக்காவிட்டால் தாங்களே நடத்திக்கொள்ள வேண்டியதுதானே?

ஸ்பெயினின் ஒரு பகுதியான கட்டலோனியா 2017 அக்டோபர் 1 அன்று அதைத்தான் செய்தது. ஸ்பெயினின் அரசியலமைப்பு நாட்டைப் பிரிக்க முடியாதது என்கிறது, நீதிமன்றம் தடுத்திருந்தது. வாக்குப்பெட்டிகளைப் போலீஸ் பிடுங்கிக்கொண்டு போவதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். வயதானவர்களை இழுத்துப்போட்ட காட்சிகளை என்னால் மறக்க முடியாது. அந்த அரசின்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். வாக்களித்தவர்களில் 90 சதவீதம் 'வேண்டும்', வாக்களித்ததோ 43 சதவீதம் பேர்தான். வேண்டாம் என்றவர்கள் பெரும்பாலும் வரவே இல்லை. தலைவர்களில் ஒன்பது பேருக்கு 9 முதல் 13 வருடம் வரை சிறைத்தண்டனை கிடைத்தது, 2021-இல்தான் மன்னிப்பு வந்தது.

எதிர்த்தரப்பு புறக்கணித்த வாக்கெடுப்பு எதையும் தீர்ப்பதில்லை. அரசு நடத்தினாலும் அப்படித்தான். வட அயர்லாந்தில் 1973-இல் பிரிட்டனோடு இருப்போம் என்று 98.9 சதவீதம். கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் வாக்களிக்கப் போகவில்லை. அதன் பிறகும் இருபத்தைந்து வருடம் குண்டுகள் வெடித்தன. நியூ கலிடோனியாவில் 2018-இல் 56.7, 2020-இல் 53.3 என்று 'வேண்டாம்' பக்கம் இறங்கிக்கொண்டே வந்தது. மூன்றாவதும் கடைசியுமான வாக்கெடுப்பு 2021 டிசம்பரில். கொரோனாவில் இறந்தவர்களுக்குத் துக்கம் காக்கிறோம், தள்ளிவையுங்கள் என்று கனாக் மக்கள் கேட்டார்கள். பாரிஸ் தள்ளிவைக்கவில்லை. அவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வேண்டாம் 96.5 சதவீதம்! 2024 மே மாதம் வாக்காளர் பட்டியலை விரிவாக்கும் பேச்சு வந்ததும் தலைநகர் எரிந்தது, உயிர்கள் போயின. சாவு வீட்டுக்காரன் அவகாசம் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது அரசாங்கங்களுக்குத் தெரியாமல் போனது எனக்குப் பெரிய வருத்தம்.

வாக்கெடுப்பில் ஜெயித்தால் நாடு கிடைத்துவிடுமா?

கிழக்குத் திமோரில் 1999 ஆகஸ்ட் 30 அன்று 98 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். இந்தோனேசியாவுக்குள் தன்னாட்சி என்ற யோசனையை 78.5 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். முடிவு அறிவித்ததும் ஆயுதக் கும்பல்கள் ஊர்களைக் கொளுத்தின, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வாக்கெடுப்பை ஐ.நா. நடத்தியது. பாதுகாப்புப் பொறுப்பை மட்டும் இந்தோனேசியாவின் கையிலேயே விட்டிருந்தார்கள். ஈராக்கின் குர்துகள் 2017 செப்டம்பரில் 92.7 சதவீதம் பெற்றார்கள். மூன்றே வாரத்தில் கிர்குக் நகரம் கைவிட்டுப்போனது. சுற்றியிருந்த எந்த அரசும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்கவில்லை.

பசிபிக்கின் பூகென்வில் வேறு வழியில் போனது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு 2001-இல் பப்புவா நியூ கினியோடு சமாதானம். உடனே வாக்கெடுப்பு இல்லை. முதலில் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், தன்னாட்சி அரசு நடத்திப் பார்க்க வேண்டும், பிறகே கேள்வி. 2019-இல் நடந்தது, 98 சதவீதத்துக்கு அருகில் தனிநாடு என்றார்கள். இருந்தாலும் அது கட்டுப்படுத்தாத வாக்கு, பப்புவா நியூ கினி நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். 2027 செப்டம்பர் 1 என்று பூகென்வில் தலைவர்கள் தேதி குறித்திருக்கிறார்கள். இவ்வளவு பொறுமையாக நடந்த மக்களை ஏமாற்றிவிடக் கூடாதே என்று செய்தி வரும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

ஈழத்தமிழர்களுக்கும் இதே உரிமை வேண்டாமா? அதைப் பற்றி ஏன் எழுதவில்லை?

எழுதாமல் இருந்தது மறந்து அல்ல. இழந்தவர்கள் பேச வேண்டிய இடத்தில் நான் பேசக் கூடாது என்று நினைத்தேன். கேட்டதால் சொல்கிறேன். 1976-இல் தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1977 தேர்தலில் அதை முன்வைத்துத் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களில் வென்றது. தேர்தலையே வாக்கெடுப்பாக எடுத்துக்கொண்டார்கள். 1983 ஆகஸ்டில் இலங்கை அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் வந்தது. அதன்படி தனிநாட்டை ஆதரிப்பதே சட்டவிரோதம். உறுதிமொழி எடுக்க மறுத்த கூட்டணியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இடங்களை இழந்தார்கள். ஸ்காட்லாந்தில் வாக்கெடுப்புக்குத்தான் அனுமதியில்லை, பேசுவதற்கு யாரும் தடை போடவில்லை. இங்கே தனிநாடு கேட்கும் கட்சிதான் ஆட்சியே நடத்துகிறது. இந்த வித்தியாசத்தை நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன்.

2009, 2010-இல் நார்வே, பிரான்ஸ், கனடா, பிரிட்டன் முதலான நாடுகளில் புலம்பெயர்ந்தவர்கள் தாங்களே வாக்கெடுப்பு நடத்தி, மிகப் பெரும்பான்மையாகத் தமிழீழம் என்றார்கள். அவர்கள் மனத்தை அது காட்டியது. ஆனால் முகவரியின் பக்கம் நிற்கிறேன் என்று மேலே எழுதினேன், இங்கே மாற்றிப் பேச முடியாது. அந்த மண்ணில் வாழ்கிறவர்களையும் அங்கிருந்து துரத்தப்பட்டவர்களையும் கேட்க வேண்டும். அதற்கு முன்னால், பயமில்லாமல் 'வேண்டும்' என்றும் 'வேண்டாம்' என்றும் அவர்கள் வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும். அந்த ஆறாவது திருத்தம் இருக்கும்வரை அங்கே எந்த வாக்கெடுப்பும் நேர்மையாக நடக்க முடியாது.

நம் பக்கத்தில் இப்படி வாக்கெடுத்ததே இல்லையா?

உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பகுதியின் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், எதிர்த்து 8 பேர். மக்களின் சம்மதம் இல்லாமல் நிலத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பிரான்சின் அரசியலமைப்பு சொன்னதால் இந்த ஏற்பாடு. மக்களை நேரடியாகக் கேட்கவில்லை என்ற குறை எனக்கு உண்டு. வங்காளத்தில் பிரான்சின் கையில் இருந்த சந்திரநாகூரில் 1949-இல் மக்களையே கேட்டார்கள்.

இன்னொரு வாக்கெடுப்பு வந்தால் எந்தப் பக்கம் போடுவீர்கள்?
– பல வாசகர்கள்

தெரியாது, இது நழுவல் இல்லை. நாணயம், எல்லை, ஐரோப்பா என்று 2014-இல் கேட்ட அதே கேள்விகள் இன்னும் கடினமாகிவிட்டன. இங்கிலாந்தோடு உள்ள எல்லையில் சோதனைச்சாவடி வரும் என்றால் என் கை நடுங்கும். போலந்துத் தோழியை நினைத்தால் மறுபக்கம் போடத் தோன்றும். அவள் 2019-இல் ஊர் திரும்பிவிட்டாள்.

ஒன்று மட்டும் உறுதி. 2014-இல் என் மகள் 'வேண்டும்' என்று போட்டாள், நான் 'வேண்டாம்' என்று போட்டேன். ஒரே வாக்குச்சாவடிக்குச் சேர்ந்துதான் நடந்து போனோம், திரும்பும் வழியில் சொல்லிக்கொண்டோம். இப்போது அவள் மான்செஸ்டரில் இருக்கிறாள். அதே விதிப்படி இன்னொரு முறை நடந்தால் அவளுக்கு வாக்கு இருக்காது, எனக்கு இருக்கும். சாவடிக்குள் போவதற்கு முன் அவளைத் தொலைபேசியில் கூப்பிடுவேன்.